சிலேட்டில் மூன்று வரி

நெசவாளர் தெருவில் இருந்த பெண்கள் ஆரம்பப் பள்ளியில் எனக்கு மூன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். அப்போதுதான் சென்னையில் டிரெயினிங் முடித்துக் காஞ்சிபுரத்துக்கு வந்திருந்தேன். வகுப்பில் எல்லாப் பெண்களும் பாடப்புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். நடுவில் நிறுத்தி, கதையில் வரும் குடியானவன் ஏன் அழுதான் என்று கேட்டால், அது பாடத்தில் இல்லை என்பார்கள்.

பாடத்தில் இல்லாததைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை என்று நினைத்தேன். கரும்பலகையில் சின்னதாக எழுதிப் போடுவேன். 'அம்மா இரண்டு இலை போட்டாள். ஒன்றில் சாப்பிட்டாள். இன்னொன்றை எடுத்து வைத்தாள்.' என்ன நடந்தது? மாதக்கணக்கில் மௌனம்தான். இன்ஸ்பெக்டரம்மா வந்தால் இதையா கேட்கப்போகிறார் என்று பெரிய டீச்சரம்மா ஒரு நாள் கேட்டே விட்டார்.

ஒரே ஒரு பெண் பதில் சொன்னாள். தறிக்காரர் மகள், எண்ணெய் காணாத தலையோடு வருவாள். "வரேன்னு சொன்னவங்க வரலை" என்றாள். மற்றவர்கள் கரும்பலகையில் அது எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினார்கள்.

எழுதுவதும் அப்படித்தான். நேற்று வீட்டில் பார்த்ததை எழுதுங்கள் என்றால், எல்லாச் சிலேட்டிலும் பசு சாதுவான பிராணி என்றே இருக்கும். மாடே இல்லாத வீட்டுப் பெண்களும் அதையே எழுதினார்கள். அந்தப் பெண் மட்டும் மூன்று வரி எழுதியிருந்தாள்.

'அம்மா பானையில் தண்ணி ஊத்தி அடுப்பு பத்த வச்சாங்க. பக்கத்து வூட்டு அத்தை வந்து பேசிட்டுப் போனாங்க. அப்புறம் அம்மா அடுப்பை அணைச்சாங்க.'

இரண்டு முறை படித்துவிட்டுச் சிலேட்டை அவளிடமே கொடுத்தேன். அவளுக்கு அருகில் உட்கார்ந்திருந்தது அந்தப் பக்கத்து வீட்டு அத்தையின் பெண்தான். அதுவரை என் கேள்வி ஒன்றுக்கும் பதில் சொல்லாதவள். எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். நெடுநேரம் யோசித்தாள். பிறகு அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது, அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அம்மா நல்ல மனுஷி. அன்று சாயங்காலமே முறத்தில் அரிசியோடு பக்கத்து வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறார்.

மறுநாள் தறிக்காரர் மனைவி பள்ளிக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சத்தம் போடவும் இல்லை. பாவு நூல் கிடைக்காமல் தறி சும்மா நிற்கிறது, யாருக்கும் தெரியாமல் நாளை ஓட்டிவந்தோம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எங்க வூட்டுலயும் புகை வருதுன்னு தெரிஞ்சா போதும்னு இருந்தேம்மா. இப்போ தெருவே எங்களைப் பாத்துக்கினு இருக்குது. இதையெல்லாம் எழுதறதுக்கா பொண்ணை அனுப்பினேன்?"

அரிசியை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

அந்தப் பெண் பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் அடுத்து எழுதச் சொன்னபோது அவள் சிலேட்டிலும் பசு வந்தது. நான்கு கால்கள், இரண்டு கொம்புகள், ஒரு பிழை இல்லை. நான் கேள்வி கேட்டால் தலைகுனிந்துகொள்வாள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவளும் பேசிக்கொள்வதில்லை.

பங்குனியில் இன்ஸ்பெக்டரம்மா வந்தார். வகுப்பு முழுவதும் தடங்கலில்லாமல் ஒப்பித்தது, அவளும் ஒப்பித்தாள். பெரிய டீச்சரம்மாவுக்கு என் மேல் முதல்முறையாகச் சந்தோஷம்.

கோடை விடுமுறை முடிந்து திறந்தபோது நான்காம் வகுப்புக்கு அவள் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டேன். வீடு பூட்டியிருக்கிறது, எங்கே போனார்கள் என்று தெரியாது என்றாள். வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் கூலி வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். அந்தப் பக்கம் போய்த் தேட எனக்கு மனம் துணியவில்லை. போய் அந்தத் தாயிடம் என்ன சொல்வது? புது மூன்றாம் வகுப்பு வந்து உட்கார்ந்தது. முதல் பாடத்தைத் திறந்து, நான் சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்லுங்கள் என்றேன்.