முட்டை அட்டையில் ஓர் அண்ணாமலை

எங்கள் வீட்டு பிரிட்ஜின் மேல் ஒரு மலை இருக்கிறது. ஒரு முழம்கூட உயரம் வராது. பூசிய பச்சை எல்லாம் போய் இப்போது சாம்பார்ப் பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. உச்சியில் ஒரு சோடா மூடி, அதற்குள் ஆரஞ்சு மிட்டாய்த் தாளைத் திரித்துச் செருகிய தீபம். வலது பக்கத்தில் ஒரு மேடு தோள் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். அந்தத் தோள் எப்போதும் வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பது என் அப்பா போட்ட சட்டம். துடைக்கிற சாக்கில் யாராவது திருப்பி வைத்தால் மனிதர் வந்ததும் வராததுமாக அதைச் சரிசெய்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார். வீட்டுக்கு வருகிறவர்கள் சும்மா இருக்காமல், "இது எந்த ஊரு மலைங்க?" என்று கேட்பார்கள். திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? அப்பா காதில் விழுந்துவிட்டால் வந்தவர் கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் மிஸ், வீட்டில் வேண்டாத பொருள்களை வைத்து ஏதாவது ஒன்று செய்துகொண்டு வரச் சொன்னார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்று என்றால் மலைதான். படம் வரையச் சொன்னாலும் மலை, களிமண் கொடுத்தாலும் மலை, அடுப்படியில் சப்பாத்தி மாவு கையில் சிக்கினாலும் மலை. நானும் மலை செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அவ்வளவுதான், அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "நீ ஒதுங்கு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றார். அப்பா பிறந்து வளர்ந்ததெல்லாம் கீழ்பென்னாத்தூர். கலெக்டர் ஆபீஸ் வேலைக்காக வேங்கிக்காலில் குடியேறியவர். ஆபீஸில் அவரை யாரும் எதையும் செய்து காட்டச் சொன்னதில்லை போலிருக்கிறது. அத்தனை வருட ஆசையையும் என் மலையின் மேல் காட்டினார்.

மளிகைக் கடையிலிருந்து முட்டை அட்டைகளை வாங்கி வந்தார். சில அட்டைகளை வெட்டி, பெரியதன்மேல் சிறியதாக அடுக்கி ஒட்டினார். அது மலையின் எலும்புக்கூடு. மீதி அட்டைகளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் பிழிந்து, மைதாப் பசையோடு சேர்த்து இட்லி மாவு பதத்துக்குப் பிசைந்து எலும்புக்கூட்டின் மேல் அப்பினார். மொட்டைமாடியில் காயவைத்து, பச்சை பூசி, அங்கங்கே காபிச் சக்கையைத் தூவி மண்ணாக்கினார். தீப்பெட்டிகளை அடுக்கி அடிவாரத்தில் கோபுரம் வைத்தார். மரங்களுக்குத்தான் வம்பு வந்தது. அம்மா பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை எடுத்துக் கத்திரித்துவிட்டார்.

"அது வேஸ்ட்டா? காலைலதாங்க புதுசா பிரிச்சேன்!" என்று அம்மா கத்தினார். "இந்த வூட்ல வேஸ்ட்டுனா உங்க வாய்தான்." நார் போன கோபம் அடங்குவதற்குள் அம்மாவின் கண் வாளியில் மிச்சம் கிடந்த அட்டையின் மேல் விழுந்தது. "ஏங்க, அண்ணாமலையாரப் போயி முட்டை அட்டையிலயா செய்வாங்க? குருக்கள் வூட்டுப் பொண்ணு இவ பக்கத்துலதான் உக்காருது. அவருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"ஊறவெச்சுப் பிசைஞ்சாச்சு. இனிமே அதுல முட்டை ஏது?" என்றார் அப்பா. சொன்னாரே தவிர, பள்ளிக்கூடத்தில் யார் கேட்டாலும் காகிதக் கூழ் என்றுதான் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

சனிக்கிழமை கண்காட்சி. வகுப்பில் பாதிப்பேர் மலைதான் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் ஒரே அச்சு, ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்தது மாதிரி கூம்பு. ஊருக்குள் நின்று பார்த்தால் மலை அப்படித்தான் தெரியும். என் மலைக்கு மட்டும் தோள். குருக்கள் வீட்டுப் பெண் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மலையே இல்ல மிஸ்" என்று ஒரே போடாகப் போட்டாள். மிஸ்ஸுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மற்ற மலைகளுக்கெல்லாம் 'அண்ணாமலை' என்று சீட்டு எழுதி வரிசையாக வைத்தவர், என்னுடையதைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளி, அதன் முன்னால் வெறும் 'மலை' என்று எழுதி வைத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மத்தியானம் பார்க்க வந்த அப்பா அந்தச் சீட்டைப் படித்தார். அவர் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பொறுக்காது. பெற்ற பிள்ளையை வேறு யாருடையதோ என்று சொல்லிவிட்ட மாதிரி நின்றார்.

அந்த நேரம் பார்த்து, மகளை அழைத்துப்போகக் குருக்களும் வந்து சேர்ந்தார். மலையைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும் என்று மிஸ் அவரையே கேட்டார். அவர் மலையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "பொறந்ததுலேர்ந்து அடிவாரத்துல இருக்கேன் சார். இந்தத் தோளை நான் பாத்ததில்லையே" என்றார், ரொம்ப மரியாதையாக.

"நீங்க கிட்டக்க நின்னே பாக்கறீங்க சாமி, அதான் தெரியல. கொஞ்சம் தள்ளி வந்து பாக்கணும். எங்க ஊருப் பக்கம் வாங்க, காட்டறேன். ஏறுங்க வண்டில" என்றார் அப்பா. சாமியை எங்கிருந்து பார்க்க வேண்டும் என்று கோயில் குருக்களுக்கே பாடம் எடுத்த மனிதர் என் அப்பாவாகத்தான் இருப்பார். குருக்கள் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் கோயிலுக்குப் போக வேண்டும், அதற்குள் திரும்பிவிடலாம் என்றால் சரி என்றார்.

ஸ்கூட்டரில் நான் முன்னால் நின்றேன். நடுவில் அப்பா. பின்னால் குருக்கள், அவர் மடியில் மலை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று அப்பாதான் எடுத்து வரச் சொன்னார். ஆக, மடியில் மலையை வைத்துக்கொண்டு மலையைப் பார்க்கப் போனோம். வழியெல்லாம் பள்ளம். ஒரு குலுக்கலில் மலை தன்னை ஒட்டியிருந்த அடி அட்டையை விட்டுப் பெயர்ந்துகொள்ள, குருக்கள் ஒரு கையை மலைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "விழாது சார், நீங்க பாத்து ஓட்டுங்கோ" என்றார். அப்பாவின் பிடரி வியர்த்தது. மலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

கீழ்பென்னாத்தூருக்குச் சற்று முன்னால், வேர்க்கடலை போட்டிருந்த ஒரு மணிலாக் கொல்லை ஓரம் வண்டியை நிறுத்தி, "இப்பப் பாருங்க சாமி!" என்று அப்பா கையை நீட்டினார். நீட்டிய திசையில் மலை இல்லை. ஐப்பசி மாதத்து மேகம் மொத்தத்தையும் மூடியிருந்தது. தோளாவது தலையாவது, அங்கே ஒரு மலை இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான். டீ குடித்தோம், காத்திருந்தோம். மேகம் ஜாஸ்தியானதே தவிர கம்மியாகவில்லை. அப்பா வானத்தைத் திட்டினார். திரும்பி வரும்போது அவர் அழுகிறாரோ என்று நான் இரண்டு முறை அண்ணாந்து பார்த்தேன்.

வகுப்பில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மிஸ், பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் தீர்ப்புக்காக நின்றார்கள். "பாத்தீங்களா சாமி? தோள் இருந்துச்சா?" என்றார் மிஸ்.

குருக்கள் மலையைப் பூப்போல பெஞ்சில் இறக்கி வைத்தார். "பாக்கலை. மேகம் மறைச்சுடுத்து" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். குருக்கள் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்: "தெனமும் சந்நிதியில திரை போடறவன் நான். திரை போட்டிருக்கு, அதனால உள்ள சாமி இல்லைன்னு சொல்லுவேனா? சார் பாத்திருக்கார். அது போதும். இது அண்ணாமலைதான்."

மிஸ் மறுபேச்சுப் பேசாமல் 'மலை'க்கு முன்னால் இருந்த கொஞ்சூண்டு இடத்தில் 'அண்ணா'வை நுணுக்கி நுணுக்கி எழுதினார். கையோடு, "எந்தப் பொருள்ல செஞ்சே, சொல்லு" என்று என்னைக் கேட்டார். பயத்தில் எனக்கு அப்பா சொல்லிவைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "முட்..." என்று ஆரம்பித்தேன். அப்பாவுக்கு இருமல் வந்தது. "காகிதம்னு போட்டுக்கோங்கோ மிஸ், எனக்கு நாழியாறது" என்று குருக்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நல்லவேளை தப்பித்தோம் என்று நாங்கள் வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன வாரம் என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போனில் செய்தி வந்தது: வேண்டாத பொருள்களில் கைவேலை. தாத்தாவும் பேத்தியும் வாசலில் வாளி வைத்து முட்டை அட்டைகளை ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது, தன் பேத்தியின் காதுகுத்துக்கு எங்களை அழைக்கக் குருக்கள் வந்தார். இப்போது கோலூன்றி நடக்கிறார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அப்பாவின் முகம் செத்துப்போனது.

"அந்த மலை மாதிரியே இன்னொண்ணா சார்?" என்றார் குருக்கள்.

"சாமி... உங்களுக்கு..."

"அன்னிக்கே தெரியும். தாங்கிப் பிடிச்சேனே, அஞ்சு விரலும் அஞ்சு முட்டைக் குழிக்குள்ள போயிடுத்து."

"தெரிஞ்சேவா மடியில வெச்சிக்கினு வந்தீங்க? எறக்கி வெச்சிருக்கலாமே!"

"ஓடற ஸ்கூட்டர்லேர்ந்து அண்ணாமலையை எங்க சார் எறக்கறது?" என்று சிரித்த குருக்கள், "அதான் வகுப்புல காகிதம்னு ஒரு திரை போட்டுட்டேன்" என்றார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பிரிட்ஜின் மேலிருந்த மலையைத் தொட்டு, தோள் பின்னால் போய்த் தீப்பெட்டிக் கோபுரம் வாசலைப் பார்க்கும்படி, குருக்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிற மாதிரி, திருப்பி வைத்தார். அவர் தன் கையால் அப்படி வைத்து நான் பார்த்ததே இல்லை. குருக்கள் அதைப் பார்த்துக் கும்பிட்டார், காபி குடித்தார், பத்திரிகை கொடுத்தார், கோலை ஊன்றிக்கொண்டு கிளம்பினார். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அப்பா வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து தோளைப் பழையபடி வாசல் பக்கம் திருப்பிவிட்டார்.