கேட்காமலே செய்

அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் சீனிச்சாமி இருபத்தாறு வருடமாக போர்மேன். காலையில் வாசலில் நின்று வருகிறவர்களின் பையைக் குடைந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். உள்ளே ஆள் இருக்கும்போது வெடிமருந்து அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்ட ஒருவனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிய மனிதர். அவருடைய செல்போனும் சாயங்காலம் வரை ஆலை வாசல் பெட்டியில்தான் கிடக்கும்.

சூலக்கரையில் இருந்த அவர் வீட்டுக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அழகுமீனா தானியங்கிப் பூட்டு, மின்விசிறி, விளக்கு எல்லாம் வாங்கி மாட்டி, அவற்றை ஆட்டிவைக்க ஒரு ஏஐ உதவியாளரையும் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அது எதைச் செய்தாலும் முதலில் அவரைக் கேட்கும். சாயங்காலம் போனைக் கையில் எடுத்தால் முப்பது கேள்வி வரிசையாக நிற்கும். மனிதருக்குப் பொறுமை ஏது? ஒருநாள் எரிச்சலில் 'எல்லாவற்றையும் கேட்காமலே செய்' என்று அமுக்கிவிட்டார். "இப்பத்தான் நிம்மதி" என்று மனைவி ஆவுடைத்தாயிடம் பெருமை வேறு.

ஆவுடைத்தாய்க்கு மூச்சிழுப்பு உண்டு. சொந்தமாகப் போனும் இல்லை. மறுநாள் முற்பகலில் பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். சீனிச்சாமியின் போன் வீட்டில் இல்லாததால் வீட்டில் ஆளே இல்லை என்று உதவியாளர் முடிவு கட்டியது. அடுப்படியில் புகை இழுக்கும் விசிறியை நிறுத்தி, வாசலைப் பூட்டி, உள்ளேயிருந்து திறக்கும் பொத்தானையும் முடக்கியது. நெடி வீட்டை நிறைத்தது. அவள் கதவைத் தட்டிய சத்தம் பக்கத்து வீட்டு நர்ஸ் ரீனாவுக்குக் கேட்டதால்தான் உயிர் தப்பியது. ரீனா ஜன்னல் கண்ணாடியை உடைத்து, ஆள் கூட்டிக் கதவைப் பெயர்த்து, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த சீனிச்சாமியிடம் ரீனா, "எப்பிடிண்ணே பூட்டுச்சு?" என்று கேட்டாள். அவருக்குக் காரணம் தெரியும். உதவியாளர் செய்ததை வழியிலேயே போனில் பார்த்துவிட்டார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"இவ எதையாச்சும் அமுக்கியிருப்பா. தொடாதேன்னு எம்புட்டுத் தடவ சொல்லியிருக்கேன்!"

மூக்கில் குழாயோடு கிடந்த ஆவுடைத்தாய் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவளே பேச்சை எடுத்தாள். "கோவிச்சுக்கிடாதீக. நாந்தான் துடைக்கையில எதையோ தொட்டுட்டேன் போல. இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன்."

சீனிச்சாமிக்கு உடம்பு கூசிப்போனது. ஆலையில் ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னவர், கட்டியவளைப் பூட்டி வைக்க ஒரு இயந்திரத்திடம் உத்தரவு கொடுத்திருக்கிறார்.

"நீ ஒண்ணும் தொடல ஆவுடை. என்னையக் கேக்காம எல்லாஞ் செய்யின்னு நாந்தான் விட்டேன்."

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து போனைத் திறந்தார். வாசல் கதவை உதவியாளரின் பிடியிலிருந்து அடியோடு எடுத்தார். அடுப்படி விசிறியையும் எடுத்தார். விளக்கை மட்டும் விட்டார். வேறு எதற்கும் அது இனி கேட்டாக வேண்டும். அதுவும் அவளுக்கென்று வாங்கப்போகும் போனிலும் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஆவுடைத்தாய் மெதுவாகக் கேட்டாள்: "அன்னைக்கே இது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ரீனா முன்னாடி என்னையச் சொன்னீக?"

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். கதவைத் திறந்த ரீனாவின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"ஆஸ்பத்திரியில நான் ஒங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்மா" என்றார்.