சோற்றுப் பொதிக்கு ரசீது

நகரசபைக் கவுன்சில் தேர்தலில் நிற்கச் சொல்லி என்னை யாரும் கெஞ்சவில்லை. குவேக்கர்ஸ் ஹில் ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவரை ஒழுங்கான நடைபாதை கிடையாது. மழை பெய்தால் பிள்ளைகள் சேற்றில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். கவுன்சிலுக்கு எத்தனையோ கடிதம் எழுதினேன், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. அந்த எரிச்சலில் சுயேச்சையாக நின்றேன். ஆஸ்பத்திரி லேபில் இரத்தம் பரிசோதிக்கிற வேலை, வீட்டில் சமையல், துணி, இவற்றுக்கு மேலே இதையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் கால் உளைகிறது.

'டெவலப்பர்களிடம் ஒரு சதமும் வாங்க மாட்டேன்' என்பதுதான் என் நோட்டீஸின் முதல் வரி. அந்த நோட்டீஸைத் தெருத்தெருவாகக் கடிதப் பெட்டிகளில் போட்டவர் அண்ணை. என்னோடு கூடப் பிறந்தவர் இல்லை. நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது தன் வீட்டுப் பின்னறையைத் தந்து, ஒரு வருடம் எங்களை வைத்துப் பார்த்தவர். என் கணவர் வாடகை என்று வாயெடுத்தபோது, "அந்தக் கதை கதைச்சா அடி விழும் தம்பி, பேசாமல் சாப்பிடு" என்றவர். அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா சமைக்கச் சமைக்க, அவருடைய குசினியில் இருந்துதான் இந்த ஊரைத் தெரிந்துகொண்டேன். முதல் வேலை கிடைக்காமல் அழுததும் அங்கேதான், கிடைத்தபோது அழுததும் அங்கேதான்.

அண்ணை பழைய வீடுகளை வாங்கி இடித்து, அந்த நிலத்தில் இரட்டை வீடு கட்டி விற்பவர். ஒரு வான், இரண்டு மேசன்மார், அவ்வளவுதான் அவருடைய கம்பெனி. டெவலப்பர் என்றால் கிரேன் வைத்து மாடிமேல் மாடி கட்டுகிற ஆட்கள் என்றுதான் நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார். இல்லாவிட்டால் அந்த நோட்டீஸை இத்தனை உற்சாகமாகப் போட்டிருப்பாரா?

வேட்பாளர்களுக்குத் தேர்தல் ஆணையம் நன்கொடை விதிகள் பற்றி ஆன்லைனில் ஒரு வகுப்பு வைத்தது. வேலை முடித்து வந்த களைப்பில் அரைத் தூக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனி நன்கொடை தரலாமா? தரலாம், ஒரு வரம்புக்குள். தொழிற்சங்கம்? அதுவும் தரலாம், அதற்கும் வரம்பு உண்டு. என் சங்கமும் தந்துதான் இருந்தது, என்னை எதிர்த்து நின்ற கட்சிக்காரருக்கு. வருடக்கணக்காக நான் கட்டிய சந்தாவும் அதில் சேர்ந்திருக்கும். டெவலப்பர் மட்டும் எதுவும் தரக்கூடாது, அவர் மனைவியும் தரக்கூடாது. யார் டெவலப்பர் என்று யாரோ கேட்டார்கள். வீடு கட்டி விற்பதே முக்கியத் தொழிலாக இருந்து, கட்டட அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் கவுன்சிலில் காத்திருந்தாலே போதும் என்று வகுப்பு எடுத்த பெண் சாவகாசமாகச் சொன்னார். பணம் மட்டும் இல்லை, இலவசமாக அச்சடித்துக் கொடுப்பதும் மண்டபம் தருவதும் சாப்பாடு போடுவதும் நன்கொடைதான் என்றார். எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. அண்ணையின் விண்ணப்பம் ஒன்று கவுன்சிலில் கிடந்தது.

அடுத்த நாளே போய்ச் சொன்னேன். குசினி மேசையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

"நானோ டெவலப்பர்? இவளைக் கேள். இஞ்ச பைப் ஒழுகுது, அதைத் திருத்த எனக்கு நேரமில்லை."

"சட்டம் அப்பிடித்தான் சொல்லுது அண்ணை. நீங்கள் வந்து உதவி செய்யலாம், நோட்டீஸ் போடலாம். காசு, பொருள் ஒண்டும் வேண்டாம்."

"அப்ப சாப்பாடு?" என்று அக்கா கேட்டார்.

"அதுவும்தான் அக்கா."

"விசர்க் கதை" என்று சொல்லிவிட்டு, அக்கா எனக்கு வடை எடுத்து வைத்தார். நான் சொன்னது இருவருக்கும் ஏறவில்லை என்பது அப்போதே தெரிந்தது. இன்னொரு தடவை விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

தேர்தல் சனிக்கிழமை, வாக்களிப்பு நடந்த பள்ளிக்கூட வாசலில் விடிந்ததிலிருந்து நோட்டீஸ் கொடுத்தபடி நின்றோம். என்னோடு நின்றவர்கள் என் லேப் சிநேகிதிகளும் தெருக்காரரும். காலை கொடுத்த நோட்டீஸ்கள் மத்தியானத்துக்குள் புல்லில் மிதிபட்டுக் கிடந்தன. பசி எடுத்த நேரம் அண்ணையின் வான் வந்து நின்றது, பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் அவருடைய கம்பெனிப் பெயரோடு. முன் சீட்டில் அக்கா இருந்தார். பின் கதவைத் திறந்தார். பெட்டி நிறையச் சோற்றுப் பொதிகள். கத்தரிக்காய்ப் பால்கறியின் வாசம் வாசல்வரை வந்தது. அக்கா விடிய எழும்பிச் சமைத்திருக்க வேண்டும்.

சிநேகிதிகள் கைதட்டினார்கள். எதிர்க் கூடாரத்தில் கட்சி டி-ஷர்ட் போட்ட ஒரு பெண் போனை உயர்த்தி வானைப் படம் எடுத்தாள். என் கையில் நோட்டீஸ் இருந்தது, அதன் முதல் வரி என்னைப் பார்த்தபடி இருந்தது.

"எவ்வளவு அண்ணை?" என்றேன்.

"என்ன எவ்வளவு?"

"பொதிக்கு. கடை விலை சொல்லுங்கோ. நான் காசு தந்து ரசீது வாங்கவேணும். இல்லாட்டி இது நன்கொடை ஆகிடும், உங்களுக்கும் பிரச்சினை."

அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. படம் எடுத்த பெண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு விலை சொன்னார். பையில் இருந்த காசுத் தாள்களை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, தன் பர்ஸைத் திறந்து மிச்சக் காசை எண்ணி, சில்லறையோடு என் உள்ளங்கையில் வைத்தார். எழுதத் தாள் இல்லாததால் என் நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அக்கா வானை விட்டு இறங்கவேயில்லை.

பொதியை நானும் பிரித்தேன். நல்ல சாப்பாடு, பாதியோடு மடித்து வைத்தேன்.

தோற்றேன். நடைபாதை இன்னும் வரவில்லை. தேர்தல் செலவுக் கணக்கு ஒப்படைத்தேன், ரசீதையும் சேர்த்து, யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தச் சட்டம் சரியான சட்டம்தான். நிலத்தில் பணம் பண்ணுகிறவர் கவுன்சிலில் இருக்கப் போகிறவருக்குச் சோறு போடக்கூடாது, அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். பிழையான சட்டமாக இருந்திருந்தால் அதையாவது திட்டித் தீர்த்திருப்பேன்.

சில வாரங்கள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். பழக்கத்தில் பின்பக்கக் குசினிக் கதவுக்குச் சுற்றிப் போகப் பார்த்தேன். அதற்குள் அண்ணை முன்கதவைத் திறந்து, "வா பிள்ளை, இரு" என்று முன் ஹோலில் கிடந்த கதிரையைக் காட்டினார். வேலை எப்படி, கணவர் எப்படி என்று மரியாதையாக விசாரித்தார். தேர்தலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அக்கா தட்டத்தில் தேநீர் கொண்டுவந்தார், வெளியாட்கள் வந்தால் மட்டும் அலுமாரியிலிருந்து எடுக்கிற பூப்போட்ட கோப்பையில்.

குடித்து முடித்ததும் கோப்பையைக் கழுவ எழுந்தேன்.

"நீ இரு. நான் எடுக்கிறன்" என்று அக்கா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். குசினியில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. நான் ஹோல் கதிரையிலேயே இருந்தேன்.