பட்டுப்புடவைக்கு ஒரு சட்டை

பாரீசுக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் இந்தப் புறநகரில், காலையில் எழுந்ததும் யாரும் துணி அலமாரியைத் திறப்பதில்லை. முதலில் ஜன்னலைத் திறக்கிறார்கள். எதிர்வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் கையை வெளியே நீட்டிக் குளிரை அளந்துவிட்டு உள்ளே போவார். பிறகு தொலைக்காட்சியில் மெத்தெயோ, அதாவது வானிலை. அதைக் கேட்ட பிறகுதான் எந்தக் கால்சட்டை, எந்தக் கம்பளி என்ற முடிவு. இத்தனை வருடம் பார்த்த பிறகும் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. புதுச்சேரிப் பக்கத்து எங்கள் பாகூரில் வானத்தைப் பார்த்து உடுத்தியவர்கள் யார்? கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தாலும் கல்யாணம் என்றால் பட்டு. யார் வருகிறார்கள், போன விசேஷத்துக்கு எதைக் கட்டினோம், சம்பந்தி வீட்டுக்காரி என்ன கட்டுவாள், இவைதான் எங்கள் ஊர்ப் பெண்களின் வானிலை அறிக்கை.

ஐம்பத்தைந்து தாண்டியபோது நானும் ஜன்னலைப் பார்த்து உடுத்துகிறவர்கள் பக்கம் சாய்ந்தேன். உடம்புதான் காரணம். நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே கழுத்துக்கு மேல் குபீரென்று அனல் ஏறும், வேர்த்துக் கொட்டும், ஐந்து நிமிடத்தில் நடுங்கும். முழங்கால் வேறு படியைக் கண்டால் முறைத்துக்கொள்ளும். அலமாரியைத் திறந்தால் ஊரிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எடுத்துக் கொடுத்த பட்டுகள் மூச்சுமுட்டக் கிடந்தன. இன்னொரு பக்கம் இங்கே தள்ளுபடியில் வாங்கிய, இடுப்பை இறுக்கும் கால்சட்டைகள். ஊரைத் திருப்திப்படுத்தப் பாதி, வெள்ளைக்காரியைத் திருப்திப்படுத்தப் பாதி. எனக்கென்று அதில் ஒரு துணி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கட்டிலில் அள்ளிப் போட்டேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "வீடு மாத்துறோமா?" என்று கேட்டுவிட்டு நழுவிவிட்டார்.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். கையைத் தூக்கினால் துணி தடுக்கக் கூடாது, உட்கார்ந்தால் இறுக்கக் கூடாது, பையில் கண்ணாடியும் கைக்குட்டையும் வைக்க இடம் வேண்டும். இதற்கெல்லாம் உட்பட்டு அழகாகவும் இருக்க வேண்டும். வயதானவளுக்கு அழகு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, கண்ணாடி பார்த்துக்கொள்கிறேன். முதல் வேட்டைக்குக் கடைக்குப் போய் ஒரு சாம்பல் நிறக் கோட்டை எடுத்தபோது விற்பனைப் பெண்ணுக்கு மனசே இல்லை. "உங்கள் நாட்டில் எவ்வளவு நிறங்கள்! ஏன் இந்தச் சோகமான நிறம்?" என்றாள். மழைக்கு முன்னால் எங்கள் ஊர் ஏரி இந்த நிறத்தில்தான் இருக்கும், அதனால்தான் பிடித்தது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவளோ எனக்கு ஊர் ஏக்கம் வந்துவிட்டதென்று நினைத்து, தோளைத் தடவிக் கொடுத்து, ஒரு மஞ்சள் கழுத்துக்குட்டையை இலவசமாகச் சேர்த்துவிட்டாள். ஏக்கமா எனக்கு? சரியான அளவில் கோட்டு கிடைத்த சந்தோஷத்தில் நின்றவள் நான்.

அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது என் அலமாரி. தொளதொள லினன் கால்சட்டைகள், முழங்கை வரை மடித்துவிடும் சட்டைகள், நாலைந்து மெல்லிய கைத்தறிப் புடவைகள், தட்டையான தோல் செருப்பு. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லச் சமையலறையில்கூட, "இப்போதுதான் நீ நேராக நடக்கிறாய்" என்றார்கள்.

போன வைகாசியில் என் தம்பி சேகரின் மகள் காவியாவுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு வழக்கப்படி பெண்ணைக் கைப்பிடித்து மணமேடைக்கு அழைத்து வருவது அத்தை. காவியாவுக்கு இருப்பது ஒரே சொந்த அத்தை, அது நான். இப்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நிறத்தில் கட்டுவது மோஸ்தர். பாண்டிக்குப் போய் மயில் கழுத்து நிறத்தில் எல்லோருக்கும் பட்டு எடுத்திருந்தாள் தம்பி மனைவி மல்லிகா. ஜாக்கெட்டும் தைத்துத் தயாராக இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை போட்டுப் பார்க்கிறேன், கை உள்ளே நுழையவே இல்லை. முதுகில் ஒரு சாண் இடைவெளி.

"யாரு அளவுல தெச்சீங்க?" என்று கேட்டேன்.

"உங்க அளவு ஜாக்கெட்டுதான் அண்ணி. பீரோவுல இருந்துச்சே, அத்தத்தான் டெய்லர்கிட்ட குடுத்தேன்" என்றாள் மல்லிகா.

எங்கள் பக்கத்தில் தையல்காரர் பெண்ணின் உடம்பில் நாடா வைத்து அளக்க மாட்டார். நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதைப் பார்த்துத் தைப்பார். மல்லிகா கொடுத்தது, கல்யாணமாகி நான் விமானம் ஏறியபோது விட்டுவிட்டுப் போன ஜாக்கெட். இரண்டு பிள்ளை பெற்று, ஆயிரம் தட்டு கழுவி, கிழடு தட்டிய தோளோடு வந்து நிற்கிறேன். வீட்டு பீரோவில் நான் இன்னும் இருபத்துமூன்று வயதுக்காரி. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. போன முறை, அதற்கு முந்தின முறை, ஏன் ஒவ்வொரு விசேஷத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தையலைப் பிரித்து, ஊக்குப் போட்டு ஒப்பேற்றினேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. நான் பெருத்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேனே, பாவி!

மறுநாள் காலை மயில் கழுத்துப் பட்டைக் கட்டி, பெட்டியிலிருந்து கருநீல லினன் சட்டையை எடுத்து ஜாக்கெட்டுக்குப் பதிலாகப் போட்டுக்கொண்டேன். முந்தானையைச் சட்டையின் மேல் ஒழுங்காக மடித்துக் குத்தினேன். கையை மடித்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப அழகாக இருந்தேன்.

கூடத்துக்கு வந்ததும் மல்லிகா வாயில் கை வைத்தாள். "அய்யய்யோ, இன்னா அண்ணி இது? நடவுக்குப் போறவங்க மாரி!"

அவள் சொன்னதில் தப்பில்லை, அப்படித்தான் இருந்தேன். பாகூர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். நடவு நடுகிற பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றை முழுக்கையோடு போட்டுக்கொள்வார்கள். வெயில் சுடாது, பயிர் அறுக்காது, பையில் வெற்றிலையோ போனோ இருக்கும். நான் புடவைக்கு உள்ளே போட்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் வீட்டுப் பெண்கள் சேற்றில் இறங்கியதில்லை. வரப்பில் குடை பிடித்து நின்றதோடு சரி. சின்ன வயதில் எனக்கு அந்தச் சட்டைகள்மீது ஒரு கண். ஒருமுறை அப்பாவின் சட்டையைப் பாவாடைக்கு மேல் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, "கூலிக்காரி மாரி இன்னாடி கோலம்?" என்று அம்மா இழுத்துக் கழற்றினாள். உழைக்கிற பெண்ணுக்குச் சுகமாக இருப்பது கௌரவமான வீட்டுப் பெண்ணுக்கு அவமானம். மல்லிகா பயந்ததும் அதற்குத்தான்.

சேகர் வந்து பார்த்தான். அவன் முகம் இருண்டது. "யக்கா, சம்பந்தி வூட்டுக்காரங்க வில்லியனூர்லேர்ந்து வராங்க. பிரான்சு அக்கா பிரான்சு அக்கான்னு ஊருக்கே சொல்லி வெச்சிருக்கேன். இத்தோட மேடைக்கு வராத. பாப்பாவ நம்ம சித்தப்பா பொண்ணு கூட்டிகினு வரட்டும்."

"நானும் வயித்துப்பாட்டுக்கு நின்னுகினே வேல செய்றவதான்டா" என்றேன். "அங்க போயி நான் இன்னா பண்றேன்னு நெனச்ச? பருப்பு கிண்டி, தட்டு கழுவுறேன். இந்தச் சட்டையப் பாத்து வெக்கப்பட்டா என் சோத்தப் பாத்தும் வெக்கப்படு."

அவன் வெளியே போய்விட்டான். முப்பது வருடத்துக்கு மேல் தள்ளி இருந்தவளுக்கு ஊரில் மிச்சமிருந்த ஒரே உரிமை அந்தக் கைப்பிடிதான். மூச்சுமுட்டும் ஜாக்கெட்டைக் கிழித்துத் தைத்துப் போட்டிருந்தால் சண்டையில்லாமல் கிடைத்திருக்கும். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். ஒத்து வாழ்ந்துதானே அத்தனை விசேஷமும் மயக்கம் போடாத குறையாக நின்றேன்? இந்த முறை முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மண்டபத்தில் முகூர்த்த நேரம் வந்து, "பெண்ணை அழைச்சிட்டு வாங்க" என்று ஐயர் குரல் கொடுத்ததும், சித்தப்பா பெண் எழுந்து மணப்பெண் அறைக்குள் வந்தாள். அங்கே உட்கார்ந்திருந்த நானும் எழுந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், நகர்ந்துகொண்டாள். காவியா தலை நிறையப் பூவோடு, வேர்த்து விறுவிறுத்து நின்றாள். கையை நீட்டினேன். "அத்தே, உனக்கு மட்டும் காத்து வருதா?" என்று கேட்டுக்கொண்டே என் விரல்களை இறுக்கிப் பிடித்தாள். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தோம். முணுமுணுப்பு கேட்கத்தான் செய்தது. யாரோ சிரித்தார்கள். நான் மூச்சை இழுத்து விட்டேன், முழுசாக. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நான் விட்ட முதல் முழு மூச்சு அதுதான்.

போன வாரம் கல்யாண ஆல்பம் வாட்ஸ்அப்பில் வந்தது. மணமேடைக்கு வரும் படத்தில் காவியா தனியாக நடந்து வருகிறாள். ஓரத்தில், வளையல் நிறைந்த அவள் கையைப் பிடித்தபடி ஒரு கை. மடித்துவிட்ட கருநீலத் துணி கொஞ்சம். அதோடு படம் முடிந்துவிடுகிறது. சேகருக்குப் போன் போட்டேன்.

"எடிட்டிங்ல போயிடுச்சிக்கா" என்றான்.

"அப்ப கைய மட்டும் ஏன்டா விட்ட?"

"உன் கைய எடுத்தா பாப்பா கையும் சேந்து போயிடும்னு போட்டோக்காரன் சொல்லிட்டான்க்கா."

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டு, இங்கே கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டேன். கை பாகூரில் இருக்கிறது, மணமேடைக்குப் போகிற வழியில், இன்னும் பிடியை விடாமல். மீதி ஆள் அதற்கு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.