கையெழுத்துப் போட மாட்டேன்

திருநின்றவூரில் எங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. நான் அதில் குடியிருந்தது மொத்தம் எட்டு மாதம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சில சமயம் எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

அறுபதுகளின் கடைசி அது. என் கணவர் பட்டணத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு அறையும் சமையல்கட்டும் உள்ள ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது. என் அப்பா போட்டனுப்பிய நகைகளில் தாலியையும் தோட்டையும் விட்டு மிச்சம் அத்தனையும் விற்றோம். போதாததற்கு அவருடைய முதலாளி கடன் கொடுத்தார், மாசா மாசம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு.

வாங்குவதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்கிய பிறகுதான் வீட்டின் வாய் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. கிணற்றுக்கு ராட்டினம் போடு என்றது, உடைந்த ஓட்டை மாற்று என்றது, வரி கட்டு என்றது. முதலாளி பிடித்தது போக வந்த சம்பளம் பாதி மாதத்தைக்கூடத் தாண்டாது. அப்புறம் எதிர்வீட்டில் உழக்கு அரிசி கைமாற்று. சொந்த வீட்டுக்காரி அரிசிக்குக் கை நீட்டுகிறாளே என்று அந்த அம்மாள் ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், உடம்பே கூசும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "எளாவூர் செக்போஸ்ட்டாண்ட நம்ம ஆபீஸ்ல லாரி ஷெட்டு போடறாங்க. என்னை அங்க போவச் சொல்றாங்க. பத்து ரூபாய்க்குக் கூரை ஊடு கெடைக்கும். இத்த நாப்பத்தஞ்சுக்கு வாடகைக்கு உட்டுட்டா கடன் சீக்கிரம் தீந்துடும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூசிய சுண்ணாம்பின் வாசனைகூட இன்னும் போகவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. "கடன் தீந்த அடுத்த மாசமே திரும்பி வந்துடணும்," என்றேன். தலையை ஆட்டினார்.

ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவரும் அவர் மனைவியும் குடி வந்தார்கள். நான் மண் குழைத்துப் போட்ட அடுப்பில் அந்தப் பெண் பால் காய்ச்சி, முதல் தம்ளரை எனக்குத்தான் கொடுத்தாள். மரியாதை தெரிந்தவள். குடித்துவிட்டுத் தம்ளரை நானே அலம்பிவைத்தேன்.

எளாவூரில் நான் குடும்பம் நடத்திய லட்சணத்தைக் கேளுங்கள். அப்போது ஆந்திராவிலிருந்து அரிசி கொண்டுவரப் பெர்மிட் வேண்டும். செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்தி, மூட்டைகளில் இரும்புக் கம்பியைக் குத்தி உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பார்கள். குத்தின ஓட்டை வழியாகக் கொஞ்சம் அரிசி ரோட்டில் கொட்டும். லாரி கிளம்பியதும் நாங்கள் நாலைந்து பொம்பளைகள் துடைப்பமும் முறமுமாக ஓடுவோம். முன்னால் ஓடுகிறவளுக்கு அதிகம். நான் நன்றாகவே ஓடுவேன். டீசல் நாற்றம் போக நாலு தண்ணீர் கழுவி, கல் பொறுக்கியே மத்தியானம் ஆகிவிடும். பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாள் கூடை முக்கால்வாசி காலியாகி வீட்டுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துத்தான் நான் விலை கேட்பேன். கடைசிக் கூறை என்னிடம் தள்ளிவிட்டு, "ஒன்ன மாதிரி கஞ்சப் பிசினாறிய நான் பாத்ததே இல்ல," என்பாள். திட்டிக்கொண்டே ஒரு மீன் கூடப் போடுவாள். இரண்டு தீபாவளிக்குப் புதுப்புடவை கிடையாது. எதுவும் எனக்கு வருத்தமில்லை. திருநின்றவூர் சமையல்கட்டில் எந்த மூலையில் எந்தப் பானையை வைப்பது என்பதுவரை முடிவு செய்துவைத்திருந்தேன்.

மூன்றாம் வருஷம் கடன் தீர்ந்தது. மூட்டை கட்டலாமா என்று கேட்டேன். இந்த மாசம் போகட்டும் என்றார். அடுத்து ஆடி வந்தது, ஆடியில் வீடு மாறக்கூடாது என்றார். ஐப்பசி போய் மார்கழி வந்தது, அதற்கும் அதே பதில். தை பிறந்ததும் பொறுமை போய்விட்டது. அவர் ஷெட்டுக்குப் போனபிறகு, வீட்டைக் காலி செய்து கொடுங்கள் என்று நானே போய்ச் சொல்லிவிடலாமென்று ரயிலேறிவிட்டேன்.

வாசலில் மணல் கொட்டியிருந்தது. உள்ளே ஒரு கொத்தனார், சமையல்கட்டுக்கும் அறைக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்துக்கொண்டிருந்தார். என் அடுப்பு இருந்த இடத்தில் செங்கல் குவியல்.

"யாரைக் கேட்டு இடிக்கிறீங்க?" என்று கத்தினேன்.

குடியிருக்கிற பெண் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "வாங்கக்கா," என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து மிரண்டுபோய், "அண்ணன் உங்ககிட்ட சொல்லலியா?" என்றாள்.

"இன்னா சொல்லணும்?"

"ஊட்ட எங்களுக்கே விக்கறேன்னு அட்வான்ஸ் வாங்கிக்கினு போயி மூணு மாசம் ஆவுதேக்கா. இந்த மாசம் பத்திரம் பண்ணிடலாம்னாரு."

மணல் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாக என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, மார்கழி என்று என் காதில் பூ சுற்றியிருக்கிறார் மனுஷன். அந்தப் பெண்ணை நாலு வார்த்தை கேட்கலாமென்று நிமிர்ந்தேன். பால் காய்ச்சிய அன்று பார்த்த ரெட்டைவடச் சங்கிலி அவள் கழுத்தில் இல்லை. அவளிடம் எதையும் கேட்க மனம் வரவில்லை.

திரும்பும் வழியில், கும்மிடிப்பூண்டி நெருங்கும்போதுதான் அது தோன்றியது. என் நகையைப் போட்டு வாங்கின வீடு. நான் கையெழுத்துப் போடாமல் எப்படி விற்க முடியும்? போன உயிர் திரும்பி வந்தது.

அன்றே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "ஆமா. பழைய லாரில பாதிப் பங்கு வாங்கப் போறேன். ஊடு இன்னா சம்பாதிக்குது? லாரி ஓடினா டப்பு வரும். அப்புறம் மாடி ஊடே கட்டலாம்."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் முழுக்கக் காபி கொடுக்கும்போதும் சொன்னேன், விளக்கேற்றும்போதும் சொன்னேன். அவர் பதில் பேசாமல் இருக்க இருக்க எனக்குத் தைரியம் ஏறிக்கொண்டே போனது. அட்வான்ஸை எப்படித் திருப்பிக் கொடுப்பது, அந்தப் பெண்ணுக்கு என்ன சமாதானம் சொல்வது என்றெல்லாம்கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒருநாள் காலையில் சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, திருவள்ளூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவதாகச் சொன்னார். நான் கதவுப் பக்கம் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். "யார் வந்து இழுத்தாலும் நான் வரமாட்டேன்."

"உன்ன யாரு கூப்ட்டா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீறாப்புக்குச் சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டேன். வெறுங்கையோடு திரும்பி வரட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று மீன் குழம்புகூட வைத்தேன்.

சாயங்காலம் வந்தார். இடதுகைக் கட்டைவிரலில் கறுப்பு மை. தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்துக்கொண்டே, "முடிஞ்சிபோச்சு," என்றார்.

"எப்படி முடியும்? நான்தான் கையெழுத்தே போடலியே?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்: "பத்திரத்துல உன் பேரு எங்கனா கீதா? எம்பேருல கீற ஊட்டுக்கு உன் கையெழுத்து இன்னாத்துக்கு?"

"என் நகை கீதே அதுல?"

"நகைய யாரு பத்திரத்துல எழுதறாங்க?" என்று சொம்புத் தண்ணீரில் விரலை அலம்பிக்கொண்டார்.

அந்த வீடு வாங்கிய நாளில் நான் அதே திருவள்ளூர் ஆபீசுக்குக் கூடவே போயிருந்தேன். எல்லாரும் உள்ளே போனார்கள். பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று என்னை வெளியே புளியமரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். நானும் நின்றேன், சந்தோஷமாகத்தான் நின்றேன்.