மூன்றாவது கூப்பாடு

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் என்னைக் காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வட ஜெர்மனியில் ஒரு சிற்றூர், கிழங்கு வயல்களுக்கு நடுவே ஒரு முதியோர் இல்லம், அதில் நான் நர்ஸ். ஆரோக்கியமேரி என்ற என் பெயரை அவர்கள் முதல் நாளே வெட்டி மேரி ஆக்கிக்கொண்டார்கள். யாராவது "மேரி" என்று கூப்பிட்டால் நான் திரும்ப மாட்டேன். இரண்டாம் முறைக்கும் திரும்ப மாட்டேன். மூன்றாம் முறை கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்பேன். டாக்டர் இரண்டு காதிலும் என்னென்னவோ ஒலிகளை விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

"அப்படியானால் ஏன்?" என்று கேட்டார் தலைமை நர்ஸ் ஃப்ராவ் க்ளைன். மாத்திரை, காய்ச்சல் தாண்டிப் பேச என் ஜெர்மன் அப்போது போதாது. "எங்கள் வீட்டில் மூன்று முறை கூப்பிட வேண்டும்" என்றேன். அவர் முகம் இறுகியது. "இங்கே யாரும் இளவரசி இல்லை, மேரி" என்றார். எங்கள் பரம்பரையைப் பற்றி அப்படி ஒரு சந்தேகம் உலகத்தில் வேறு யாருக்கும் வந்ததில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது சிரிப்புக்குரியதல்ல. "இங்கே இருப்பவர்களுக்கு ஒருமுறை கூப்பிடத்தான் தெம்பு இருக்கும். இன்னொரு தடவை இப்படி நடந்தால் உன்னை வைத்துக்கொள்ள முடியாது."

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் ஒலக்கூருக்கும் இடையே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலமும் இருந்ததில்லை. அப்பாவின் பாட்டனுக்கு சவரிமுத்து என்று ஒரு தம்பி. ஆண்டை வீட்டில் படியாள், அதாவது வருஷம் முழுக்க அந்த வீட்டு வயலுக்கே கட்டுப்பட்டவர். ஒரு மல்லாட்டை அறுவடையின்போது களத்தில் கடலைக் குவியலுக்குக் காவல் படுத்திருந்தார். விடியும் முன் கிணற்றுப் பக்கமிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லி ஒரே ஒருமுறை கூப்பிட்டார்களாம். "வர்றேன்" என்று எழுந்து போனார். கிணற்று மேட்டில் அவர் துண்டு மட்டும் கிடந்தது. இரண்டு நாள் இறைத்துப் பார்த்தார்கள், சேறும் தவளையும்தான். உடல் கிடைக்காததால் கல்லறையும் இல்லை. கல்லறைத் திருநாளன்று எங்கள் குடும்பம் இடுகாட்டில் ஒரு வெறும் தரையில் அவருக்கு மெழுகுவத்தி ஏற்றும்.

அதிலிருந்துதான் எங்கள் வீட்டில் இந்தச் சட்டம். செத்தவர்களின் குரலுக்கு ஒருமுறைக்கு மேல் கூப்பிட வராது, அதனால் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் வாய் திறக்க வேண்டும். அப்பா தன் சொந்த வீட்டுக்கு வெளியே நின்று மூன்று முறை கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது பேசாமல் நின்று நான் வாங்கிய அடி கொஞ்சமல்ல. அப்பாவின் தங்கை லூர்து அத்தை மட்டும் வேறு மாதிரி சொல்வாள். "பேயுமில்ல பிசாசுமில்லடி. ஆண்டை வூட்டுலதான் நம்மள ஒரு வாட்டி கூப்புடுவாங்க. ரெண்டாவது வாட்டிக்கு அடிதான் வுழும்." அப்படியென்றால் சவரிமுத்துப் பாட்டனைக் கூப்பிட்டது யார் என்று கேட்டால், பேச்சை மாற்றிவிடுவாள்.

போன கல்லறைத் திருநாளுக்கும் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பிற்பகல் இரண்டு மணி, ஊரில் இருட்டி மெழுகுவத்தி ஏற்றும் நேரம். சன்னலுக்கு வெளியே மூடுபனி. காபி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடைவழியில் போனபோது அந்தக் குரல் கேட்டது. "ஆரோக்கியம்..." வயலைத் தாண்டிக் கூப்பிடுகிறவர்கள் இழுக்கும் இழுப்பு. அந்த நாட்டில் என்னை அப்படிக் கூப்பிட யாரும் இல்லை. வண்டியை நிறுத்தினேன். இரண்டாவது கூப்பாட்டுக்காகக் காத்திருந்தேன். கோப்பைகளில் ஆவி அடங்கியது. கூப்பாடு வரவில்லை. ஒருமுறைதான் தெம்பு இருக்கும் என்று ஃப்ராவ் க்ளைன் சொன்னது நினைவுக்கு வந்தது. என்னையறியாமல் வாய் திறந்தது. "வர்றேன்" என்றேன், தமிழில்.

குரல் வந்த கடைசி அறைக்கு ஓடினேன். ஹெர் பேக்கர், பழைய கிழங்கு விவசாயி, தானாக எழவே முடியாதவர், பாதி உடல் கட்டிலுக்கு வெளியே தொங்கச் சன்னலை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தார். தோளோடு சேர்த்துப் பிடித்துவிட்டேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அவர் தலை தரையில் மோதியிருக்கும். "நீங்கள் கூப்பிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"நான் இல்லை. அவன்தான்" என்று சன்னலைக் காட்டினார். "இந்தக் குளிரில் மேலுக்குத் துணிகூட இல்லாமல் நிற்கிறானே."

அறுவடையான வயல், பனி, வேறொன்றுமில்லை. அவருக்கு நினைவு தப்பிப்போய் நாளாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சன்னல் திரையை இழுத்து மூடினேன்.

இடைவேளையில் அத்தையோடு வீடியோவில் பேசினேன். இடுகாடு முழுக்க வெளிச்சம். "எல்லாருக்கும் ஏத்தியாச்சு. ஒரு மெழுவத்தி மிஞ்சிப்போச்சு, அதயும் பாட்டன் மெழுவத்தி பக்கத்துலியே ஏத்திட்டேன். இந்த வருசமும் நீ வர்லியேன்னு மனசு கேக்கல. பாட்டன் எடத்துல நின்னுக்கினு உன் பேரச் சொல்லிக் கூப்புட்டேன்" என்றாள்.

"எத்தன வாட்டி அத்த?"

"மூணு வாட்டிதான் கூப்புடலாம்னு இருந்தேன். மொத வாட்டிக்கே வர்றேன்னியே."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். உங்களில் அயல்நாட்டில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியும். யார் கூப்பிட்டு இங்கே வந்தேன், முதல் கூப்பாட்டுக்கே ஏன் எழுந்து வந்தேன் என்று அதுவரை நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பாட்டனின் வெறும் தரையில் இப்போது இரண்டு மெழுகுவத்திகள். ஒன்று எனக்கு. பயத்தில் அழுதுவிட்டேன்.

"மீதி ரெண்டு வாட்டியும் கூப்புட்டுடுங்க அத்த. கூப்புட்டது நீங்கதான்னு ஆவட்டும்."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "ஆரோக்கியம்" என்றாள். மூன்றாவதற்கு வாயைத் திறந்தபோது படம் உறைந்துபோனது. திரும்பத் திரும்ப முயன்றேன், கிடைக்கவில்லை. நடைவழியிலிருந்து ஃப்ராவ் க்ளைன் "மேரி" என்று ஒருமுறை கூப்பிட்டார். உடனே எழுந்து போனேன். கையிலிருந்த போனில் அத்தை வாய் திறந்தபடி நின்றாள், அவள் காலடியில் இரண்டு சுடரும் ஆடாமல் நின்றன.