கொட்டு நின்ற பிறகும் ஆடிய அழகுமலை

அழகுமலையைப் பற்றி எழுதுவதென்றால் நான்தான் எழுத வேண்டும். என் படிப்பு அஞ்சாப்பு. ஆனால் கீரனூருக்கு மேற்கே கிரஷர் வைத்திருக்கிறவர்களில், தன் கையால் கல் உடைத்து முதலாளியானவன் நான் ஒருத்தன்தான். கிரஷருக்குக் கல் வரும் என் குவாரியில் ஆரம்பத்திலிருந்தே டிரில் பிடித்தவன் அழகுமலை. பாறையில் குழி போடுகிற அந்த மிஷின் மற்றவர்களை உலுக்கி எடுத்துவிடும். அவன் பிடித்தால் அது அடங்கி நிற்கும். அப்படி ஒரு கை.

தூசி நெஞ்சில் இறங்கி அவனுக்கு வீசிங் வந்தது. டவுனில் எழுதிக் கொடுத்த தியோபிலின் மாத்திரையைக் காலையும் ராத்திரியும் தவறாமல் போடுவான். போட்ட வாயிலேயே சுருட்டையும் பற்ற வைப்பான்.

"ஏன்டா, ஒண்ணு நெஞ்சைத் தொறக்குது, ஒண்ணு அடைக்குது. ஒனக்கே நல்லா இருக்கா?"

"ரெண்டுக்கும் வேலை குடுக்கணும்ல, மொதலாளி."

போன வருசம் குவாரியில் ஒரு வெடி முந்திக்கொண்டது. மயிரிழையில் தப்பினான். அதற்கு நேர்த்திக்கடனாக ஊர்க் கருப்பர் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினான். காப்புக் கட்டியவனுக்கு எங்கள் ஊரில் இரண்டு கட்டு உண்டு. திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. சுருட்டைத் தொடக்கூடாது, சுருட்டு கருப்பருடைய பொருள், அவர் குடிக்கிற நாளில் மனுசன் குடிக்கக்கூடாது. வாயில் சுருட்டில்லாமல் தூங்க மட்டுமே தெரிந்த அழகுமலை, அன்றோடு அதை விட்டான். மாத்திரையை விடவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பழைய சாமியாடி செத்த பிறகு எங்கள் கருப்பர் யார் மேலும் இறங்கவில்லை. காப்புக் கட்டுகிறவர்களில் ஒருத்தனை அவரே எடுத்துக்கொள்வார் என்று ஊர் வருசா வருசம் காத்துக் கிடந்தது.

சில நாள் போயிருக்கும். அவன் பெண்டாட்டி ராசாத்தி என்னிடம் வந்தாள். "அண்ணே, அவுக தூங்குறதே இல்ல. தின்னதெல்லாம் வெளிய வருது. டம்ளரைக் குடுத்தா தண்ணி பூராம் தரையில நிக்குது. நெஞ்சுக்குள்ள யாரோ ஓடுறாகன்னு சொல்றாக."

டிரில்லை அடக்கிய கை டம்ளரைப் பிடிக்கவில்லையாம். வயசு என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் உச்சிப் பூசை. உருமி முழங்கியதும் அழகுமலை நடுங்கிக்கொண்டே முன்னால் சாய்ந்தான். பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி ஆண்டியப்பன் ஓடிவந்து விபூதியை அள்ளி அவன் நெற்றி நிறைய அப்பினார்.

"வந்துட்டியாப்பா? வாக்குச் சொல்லு."

"நெஞ்சு வலிக்குது" என்றான் அழகுமலை.

பூசாரி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கங்க. கருப்பருக்கு நெஞ்சு வலிக்குதாம். இங்க எவன்டா குத்தம் பண்ணுனவன்?"

வரிசையாக விழுந்தார்கள்.

"நான் அழகுமலைங்க. என்னால முடியலை."

"மனுசன் பேரைச் சொல்லிச் சோதிக்கிறார். நல்லா விழுந்து கும்பிடுங்க."

அதற்குமேல் அவன் பேசவில்லை. எதைச் சொன்னாலும் அது அவன் சொன்னதாக இருக்காது என்று தெரிந்துவிட்டது போல. கண் மட்டும் ஒவ்வொரு முகமாகப் போய்த் திரும்பியது.

கொட்டடிப்பதை நிறுத்தினார்கள்.

நான் நூறு சாமியாடியைப் பார்த்தவன். கொட்டு நின்றால் சாமி மலையேறும், ஆள் துவண்டு உட்காருவான். இவன் நிற்கவில்லை. பட்டப்பகல், வெயில், அத்தனை ஜனம், ஒரு சத்தமில்லை. அவன் பல் அடித்துக்கொள்கிறது மட்டும் கேட்டது. சட்டையில்லாத நெஞ்சில் தோல் துடிக்கிற வேகம், கிரஷர் பெல்ட் ஓடுகிற வேகம்.

"அண்ணே, கொட்டு நின்னுருச்சு. இவுக நிக்கலை" என்றாள் ராசாத்தி.

வண்டியை எடுத்தேன். பூசாரி குறுக்கே நின்றார். "காப்போட எல்லை தாண்டுனா அவன் உசுருக்குக் கருப்பர் பொறுப்பில்ல."

"இப்ப மட்டும் பொறுப்பாவா இருக்காரு?" என்று சொல்லிக்கொண்டே ராசாத்தி புருசன் காலைப் பிடித்துத் தூக்கினாள்.

எல்லைக்கல்லை வண்டி தாண்டிய அந்த நொடியில், பின்சீட்டில் அவன் உடம்பு வில்லாக வளைந்து வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. எதற்கும் அஞ்சாத எனக்கே கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று.

"நிறுத்தாதீங்கண்ணே" என்றாள். நிறுத்தவில்லை.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திலகவதி ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார். ராசாத்தி நீட்டிய மாத்திரை அட்டையைப் பார்த்தார். "அளவைக் கூட்டிப் போட்டாரா?"

"இல்லங்க. அதே ஒண்ணு, ஒண்ணு."

"பீடி சிகரெட் உண்டா?"

"சுருட்டு. காப்புக் கட்டுனதுலேர்ந்து தொடலை."

டாக்டரம்மா ராசாத்தியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் விளக்கியதை என் தொழிலில் வைத்துத்தான் புரிந்துகொண்டேன். கல்லீரலும் ஒரு கிரஷர். உள்ளே வருகிற மருந்தை உடைத்துக் கழிக்க அங்கே நொதி என்று ஆட்கள் இருக்கிறார்கள். சுருட்டுப் புகையில் உள்ள ஒரு சரக்கு கல்லீரல் செல்லுக்குள் நுழைந்து, அங்கே சும்மா கிடக்கிற ஒரு புரதத்தைத் தட்டி எழுப்பும். அது செல்லின் நடுவறைக்குப் போய், ஆளைக் கூட்டு என்று தாக்கல் சொல்லும். நொதி பெருகும். இத்தனை வருசமும் அந்தப் படைதான் மாத்திரையில் பெரும்பங்கை உடைத்துத் தள்ளியது. அதற்குத் தக்கபடி கூடுதலாகத்தான் டாக்டர்களும் அளவு வைத்திருந்தார்கள். புகை நின்றது, தாக்கல் நின்றது, இருந்த ஆட்களும் கழிந்து போனார்கள். லோடு மட்டும் காலையும் ராத்திரியும் விழுந்துகொண்டே இருந்தது. உடையாத மருந்து ரத்தத்தில் ஏறி, இதயத்தை விரட்டி, மூளையைப் பிடித்தது.

"சுருட்டை விட்டது நல்ல காரியம். சொல்லிட்டு விட்டிருந்தா அளவைக் கொறைச்சிருப்போம்" என்றார்.

ஒரு மனுசனுக்குள்ளே அவனைக் கேட்காமல் தாக்கல் போகிறது, ஆள் வருகிறது, போகிறது. என் கிரஷரில் என்னைக் கேட்காமல் ஒரு கல் உருளாது.

மருந்தை உறிஞ்சி எடுக்கக் கரியைக் கரைத்துப் புகட்டினார்கள். சாயங்காலம் பூசாரியும் ஊர்க்காரர்களும் வந்தபோது அழகுமலை கண் திறந்து படுத்திருந்தான். உதடு, பல், நாக்கு எல்லாம் கன்னங்கரேலென்று இருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஆண்டியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரித் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எந்திரிங்க பூசாரி. அது கரி" என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க மொதலாளி. கருப்பர் மாத்திரையில வரக்கூடாதா?"

கலெக்டர் ஆபீசிலேயே எதிர்ப்பேச்சுப் பேசியவன் நான். இதற்கு டாக்டரம்மா வருகிறாரா என்று வாசலைப் பார்த்தேன்.

அழகுமலைதான் கறுத்த வாயைத் திறந்தான். "பூசாரி, நான் செத்துக்கிட்டிருந்தேன். நீங்க வாக்குக் கேட்டீங்க." கையை நீட்டினான். "நான் சாமியாடி இல்ல. காப்பை அவுத்து விடுங்க."

ஒருத்தரும் தொடவில்லை. ராசாத்தி பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தாள். தலைமாட்டில் இருந்த மிஷின் அவன் நெஞ்சுத் துடிப்பைக் கோடாகப் போட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிடுமோ என்று அத்தனை பேரும் அதையே பார்த்தோம். நிற்கவில்லை.

இப்போது குறைந்த அளவு மாத்திரையில் இருக்கிறான். சுருட்டைத் திரும்பப் பிடிக்கவில்லை. நான்தான் அவனைக் காப்பாற்றினேன் என்று ஊரில் சொல்வேன், அது உண்மை. ஆனால் அவன் தெருவில் வந்தால் பெரியவர்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள்.

"போட்டுக்கங்கப்பா, நான் அழகுமலைதான்" என்கிறான்.

அவன் கடந்து போகிறவரை யாரும் போடுவதில்லை.